லாம்

வெள்ளை டப்பி, கட்டைவிரல் அகலம்.
தலையை அழுத்தினால் டக்.
காபியில் ஒரு மாத்திரை விழும்,
கொஞ்சம் நுரைத்து
இருந்த இடம் தெரியாமல் போகும்.
இனிப்பு வந்துவிடும்.
வந்தது இறங்காது, அதுதான் சங்கடம்.
காரைக்காட்டில் குடித்த காபி
மஞ்சக்குப்பத்தில் பஸ் மாறி
வரக்கால்பட்டு தாண்டும்வரை
நாக்கின் அடியில் உட்கார்ந்து வரும்,
டிக்கெட் எடுக்காமல்.

நெல்லிக்குப்பத்தில் எனக்கு எடைப்பாலம்.
கரும்போடு ஏறும் டிராக்டரை ஒருமுறை,
கொட்டிவிட்டுத் திரும்புவதை ஒருமுறை
நிறுத்துக் கழிப்பேன்.
இருபத்திரண்டு சீசன்.
ஊருக்கெல்லாம் போகிற சர்க்கரை
என் சீட்டில் எழுதிப் போகிறது.
போன தை மாதம்
இடதுகால் சுண்டுவிரலை எடுத்தார்கள்.
கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அன்று
யாரும் இல்லாத நேரம் பாலத்தில் ஏறி நின்றேன்.
முன்னே எழுபது காட்டியது. இப்போதும் எழுபது.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அதற்கு எதுவும் தெரியாது.

டாக்டர் நஸ்ரீன் சொன்னார்:
"தாராளமாப் போட்டுக்கலாம்.
அந்த எல்லையைத் தொட
நாளைக்கு நூறு மாத்திரைக்கு மேல ஆகும்.
நீங்க போடறது நாலு."

ஆலை வாசலில் போண்டா மடித்துவந்த பேப்பரில்
எண்ணெய்க் கறைக்கு நடுவே இன்னொரு வரி:
புற்றுநோய் வரலாம்.
அதற்குக் கீழே கிழிந்திருந்தது.

போட்டுக்கலாம். வரலாம்.
இரண்டும் ஒரே லாம்.
ஒன்று கதவைத் திறந்துவிடுகிறது,
ஒன்று கதவுக்குப் பின்னால்
யாரோ நிற்பதாகச் சொல்கிறது.

மச்சான் அந்தோணிராஜ் அனுப்பிய வீடியோவில்
மூளை உருகும். கட்டாயம் உருகும்.
பார்வேர்ட் செய்யாதவருக்கும் உருகும்.
அதில் லாம் கிடையாது,
அதனால் அழித்துவிட்டேன்.
முன்னே பின்னே பத்துக் கிலோ என்று
ஒத்துக்கொள்ளாத தராசை
நான் தொடுவதில்லை.

அமலோற்பவம் வேறு வழியில் சோதித்தாள்.
ஜன்னல் கட்டையில் இரண்டு மூடி:
ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் மாத்திரைத் தண்ணீர்.
எறும்புகள் முதல் மூடிக்கு வரிசை கட்டின.
இரண்டாவதை ஒரே ஒரு எறும்பு தொட்டுப் பார்த்து
வேறு வேலை இருப்பதுபோல் போனது.
"பாத்தீங்களா" என்றாள்.
பார்த்தேன்.
எறும்புக்குக் கால்விரல் போகாது என்றேன்.
சிரிக்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும்.
சில நாள் அழுகின முட்டை,
சில நாள் நகப்பாலிஷ்.
எழுந்து ஜன்னலைச் சாத்துவேன்.
டப்பியின் முதுகில் பூதக்கண்ணாடிக்கும் எட்டாத
எழுத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது.
இந்தக் காற்றுக்கு லேபிள் எங்கே?
எழுபது கிலோ ஆள்
நாளொன்றுக்கு எத்தனை மூச்சு
எடுத்துக்கொள்ளலாம்?

சரி, அது வேறு வழக்கு.

என் கணக்கில் எனக்குக் குழப்பமில்லை.
ஒரு தட்டில் லாம்,
மறு தட்டில் போய்விட்ட விரல்,
அடுத்து நிற்கும் நாலு விரல்.
டக்.

ஆனால் அவளுக்குச் சர்க்கரை இல்லை.
சோதித்த அத்தனை முறையும் இல்லை.
விரல் போன வாரத்திலிருந்து
அவள் டம்ளரிலும் டக்.
"ஒரே அடுப்புல ரெண்டு காபியா?"
எறும்பு தொடாததைத்தான்
அவளும் குடித்துக்கொண்டிருந்தாள்.
அவள் தட்டில் லாம் மட்டும் இருக்கிறது.
எதிர்த்தட்டில்
என்னைத் தவிர ஒன்றுமில்லை.

இன்று, மார்கழிப் பனியில்,
அவள் முகம் கழுவப் போன நேரம்
ஒன்றரை ஸ்பூன் சர்க்கரையை
அவள் டம்ளரில் போட்டுக் கலக்கினேன்.
ஒரு வாய் குடித்தாள்.
டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.
"என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.
பதினோரு மாதம். நாக்கு மறந்திருக்கலாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிச்
செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன்:
டம்ளரைக் கழுவப் போடுமுன்
சுண்டுவிரலால்
அடியை வழித்துக்கொண்டிருந்தாள்.