உலர் எடை

பிப்ரவரியின் மூன்றாம் திங்கள்.
அதிபர்கள் நினைவாக வங்கி மூடியிருக்கும், தபால் வராது.
சிறுநீரகம் செத்தவர்களுக்கு விடுமுறை இல்லை.
ஐந்தரைக்கெல்லாம் மங்கேட்டோவின் பனியை அரைத்துக்கொண்டு
வேன் வந்து நிற்கிறது.

ஒவ்வொருவராக எடைமேடையில் ஏற்றுகிறேன்.
மெர்ல் ஆஸ்கார்ட் கோட்டைக் கழற்ற மாட்டார்.
கோட்டின் எடையைத் தனியே எழுதி வைத்திருக்கிறேன்:
ஒன்று புள்ளி எட்டு.

நான்கு நாற்காலி. நான்கு மணி நேரம்.
தொலைக்காட்சியில் யாரோ பேராசிரியர்கள்
அதிபர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
கெய்லீன் ஸ்டோல்ட்ஸ் அணைத்துவிட்டாள்.
"எடையில் பெரியவர் டாஃப்ட். அத்தோடு முடிந்தது"
என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

முடியவில்லை.
மெர்லுக்கு ரூஸ்வெல்ட்தான்.
காரணம், சோளக்காட்டு நடுவே நட்ட ஒரு கம்பம்.
மின்சாரம் வந்த இரவு அவர் அம்மா
எல்லா விளக்கையும் போட்டுவிட்டு
சாலைவரை ஓடிப்போய்த் திரும்பி நின்று
தன் வீட்டையே பார்த்தாளாம்,
யாருடையதோ போல.
"ஓர் ஆளிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?"

ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது;
கிளிஃப்டன் பர்னெல் மற்றக் கையால் வாதாடுவார்.
ஜான்சன், என்றார்.
அலபாமாவில் அவர் அத்தை
ஐம்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டுப் போட்டது
அந்த ஒரு கையெழுத்தால்.
கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே:
"என் அண்ணனை வியட்நாமுக்கு அனுப்பியதும் அவர்தான்.
கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்,
வாரத்துக்கொரு விடை வருகிறது."

லிங்கனை மறந்துவிட்டோமே, என்றார் மெர்ல்.

வெர்னா குட்தண்டர்
குறுக்கெழுத்திலிருந்து தலையெடுக்கவில்லை.
"நூலகத்துக்கு எதிரே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.
முப்பத்தெட்டு டகோட்டா ஆண்கள், ஒரே மேடை.
பெயர்களை அவரே கைப்பட எழுதி அனுப்பினார்."

"பட்டியலில் முந்நூறு பேர் இருந்தார்கள், வெர்னா.
மற்றவர்கள் தப்பியதும் அவரால்தான்."

"தெரியும். தப்பியவர்களில் ஒருவரின் எள்ளுப்பேத்தி நான்.
நன்றி சொல்ல வேண்டுமா?
எந்தப் பக்கம் திரும்பிச் சொல்லட்டும்?"

மூன்றாம் இயந்திரம் கத்தியது.
குழாய் மடங்கியிருந்தது. நிமிர்த்திவிட்டேன்.

"ஹோதான், நீ சொல்" என்றாள் கெய்லீன், தூங்கவில்லை போலும்.
"குடியுரிமைத் தேர்வுக்கு அத்தனை பேரையும்
மனப்பாடம் செய்தவள் நீ ஒருத்திதான்."
உண்மை. நாற்பதுக்கு மேல் பெயர்கள்;
தேர்வில் கேட்டது ஒன்றை.

எனக்குப் பெரியவர் யாரென்று தெரியாது, என்றேன்.
ஆனால் பில் போடும் அறையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது:
சிறுநீரகம் போனவர் எந்த வயதினராயினும்
செலவை அரசு ஏற்கும் என்ற சட்டம்,
எழுபத்திரண்டு, அக்டோபர் முப்பது.
கையெழுத்து, நிக்ஸன்.

நான்கு பேரின் ரத்தமும்
வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அந்தத் திருட்டுப் பயலா?" என்றார் மெர்ல்.
கிளிஃப்டன் சிரித்த சிரிப்பில்
அவர் இயந்திரமும் கத்தத் தொடங்கியது.
"என்ன தாளென்று பார்த்துத்தான் போட்டானா?"
"பார்க்காமல் போட்டால் கணக்கில் சேராதா?" என்றாள் வெர்னா.
பென்சில் முனை ஒரு கட்டத்தின் மேலேயே நின்றது.
யாரும் பதில் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மறுபடி எடைமேடை.
ஆளை எடை போடுவது என் பிழைப்பு;
ஒவ்வொருவரையும் இரண்டு தரம் நிறுக்கிறேன்,
நீரோடு ஒரு தரம், நீர் இறங்கிய பின் ஒரு தரம்.
இரண்டாவதைத்தான் கோப்பில் உலர் எடை என்போம்.
அதுவும் சரியாக வருவதில்லை.
மெர்ல் இன்று இரண்டு புள்ளி மூன்று குறைந்திருந்தார்.
"கோட்டைக் கழித்தாயா?"
கழித்தேன்.

வேனுக்குள்ளிருந்து கெய்லீன் கத்தினாள்:
"புதன்கிழமை வாஷிங்டன்!"

முழங்கைப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
படியில் ஒரு கால் வைத்திருந்த கிளிஃப்டன்,
"அவர் வாயிலிருந்த பற்கள் யாருடையவை
என்பதிலிருந்து தொடங்குவோம்" என்றார்.