முப்பத்தாறரைக் கோடு

மாத்தூர் யார்டில் இரவு இரண்டு மணிக்கு
சீல் கம்பியை வெட்டிக் கதவைத் திறந்தால்
நாற்பது நாள் அடைபட்ட புழுக்கத்தோடு
முகத்தில் வந்து மோதுகிறது டெக்சாஸ்.

எண்பத்தெட்டுப் பேல் பஞ்சு.
இறக்குவது தேசிங்குவின் வேலை.
எண்ணுவது என் வேலை.
எண்ணும் தாளுக்கு அடியில் இருப்பது
நான் பென்சிலில் வரைந்த அமெரிக்கா.
அஞ்சல்வழி எம்.ஏ., மூன்றாம் தாள்,
பரீட்சைக்கு ஒன்பது நாள்.

ஆயிரத்து எண்ணூற்று இருபதில்
முப்பத்தாறரைப் பாகையில் ஒரு கோடு போட்டார்கள்.
அதற்கு மேலே அடிமை கூடாது, கீழே கூடும்.
மிசௌரிக்கு மட்டும் விலக்கு.
விலக்கு வைக்காமல்
எந்தக் கோட்டை யார் கிழித்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டுக்கு மேற்கே கிடந்ததைப் பாடநூல்
குடியேறாத பகுதி என்கிறது.
சிரித்துவிட்டேன்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டி
நாற்பத்திரண்டு வீடு இருந்தோம்.
சர்வே படத்தில் எங்கள் இடத்துக்குப் பெயர்
புறம்போக்கு, காலி.
அவர்கள் சங்கிலி பிடித்து அளந்தபோது
அம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கன்சாஸ்.
அடிமை வேண்டுமா வேண்டாமா,
குடியேறினவர்களே ஓட்டுப் போட்டுக்கொள்ளட்டும் என்றார்கள்.
எல்லை தாண்டி வண்டி வண்டியாக ஆள் வந்து
ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனது.
வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த தேசிங்கு
கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு
"எவனுக்கு ஓட்டு இல்லியோ
அவனப் பத்தித்தான் ஓட்டே, இன்னா?" என்றான்.
என் நோட்ஸில் அது இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

சண்டை மூண்டு
அந்தக் கரையின் துறைமுகங்களை அடைத்ததும்
இந்தக் கரையில் பஞ்சு பொன் விலை.
கறுப்பர் பட்டணத்துக் கிடங்கு ஒன்றில்
யாரோ கற்பூரம் ஏற்றி
இன்னும் ஒரு வருஷம் நீளட்டும் சாமி
என்று கும்பிட்டிருப்பார்.
கறுப்பர் பட்டணம்.
இங்கேயும் ஒரு கோடு நின்றது, செங்கல்லில்.
மதிலுக்கு வரி கேட்ட தெரு
வால்டாக்ஸ் ரோடு என்று
இன்னும் லாரி புகையில் கிடக்கிறது.

ஒரு பேல் பட்டி தெறித்து வாய் பிளந்தது.
உள்ளே கைவிட்ட தேசிங்கு
காய்ந்த பஞ்சுக்காய் ஓடு ஒன்றை எடுத்தான்.
ஓட்டின் நுனி விரலில் ஏறி
பொட்டு ரத்தம்.
"அங்க இப்ப மெஷின்தான் எடுக்குதாம்" என்றேன்.
விரலை வாயில் வைத்தபடி
"மின்ன?" என்றான்.

விடியும்போது கணக்கில் ஒன்று குறைந்தது.
மறுபடி முதலிலிருந்து,
நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே கிழித்து,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
எண்பத்தெட்டு சரியாக வந்து தாளை எடுத்தால்
அழுத்தி எழுதியதெல்லாம்
அடியில் இருந்த படத்தில் பதிந்திருக்கிறது,
முப்பத்தாறரைக்குக் கீழே
ஐந்தைந்தாகக் கட்டி நிறுத்தியதுபோல.

ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன்.
கரி போகிறது,
பள்ளம் போகவில்லை.