எந்த மாசம்?

பயிற்சியில் தந்த மாதிரித் தாளில்
ஒரு வட்டம் ஆப்பிள், ஒரு வட்டம் ஆரஞ்சு.
இரண்டும் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும் இடத்தில்
'பழம்' என்று அச்சாகியிருந்தது.
அதை நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
பாம்பனில் இறங்கினேன்.
வத்தலக்குண்டுக்காரி நான்.
கடல் எனக்குப் பாடப்புத்தக அகலம்தான்.

ஏழாம் வகுப்பு. முப்பத்தொரு பேர்.
வாசிக்கச் சொன்னால் வாசிப்பார்கள்,
கரைவலை இழுக்கிற தாளத்தில்,
முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி மூச்சுவிட்டு.
மூடிவைத்து 'என்ன படிச்சோம்?' என்றால்
மின்விசிறியைப் பார்ப்பார்கள்.
அது உப்பில் துருவேறி என்றோ நின்றது.

அன்றைய பத்தி இரு கடல்களைப் பற்றியது.
பாக் நீரிணை அமைதியானது,
மன்னார் வளைகுடா கொந்தளிப்பானது,
எனவே மக்கள் ஒன்றைப் பெண்கடல் என்றும்
மற்றதை ஆண்கடல் என்றும் அழைப்பர்.

கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டேன்,
கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி.
'சைக்கிளா டீச்சர்?'
'இதில் மட்டும் உள்ளது இங்கே, அதில் மட்டும் உள்ளது அங்கே,
இரண்டுக்கும் பொதுவானது நடுவே.
பத்தியைப் பார்த்து நிரப்புங்க.'

நிரப்பினார்கள்.
அமைதி இடப்பக்கம், கொந்தளிப்பு வலப்பக்கம்.
நடுவில் மீன், உப்பு, பாலம்.
ஒருவன் 'கோஸ்ட் கார்டு' என்று எழுதி, அடித்து,
மறுபடி எழுதியிருந்தான்.
நான் சிவப்பு மையில் சரி போட்டுக்கொண்டே போனேன்.
பயிற்சியில் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

கடைசி பெஞ்சில் நம்புச்செல்வி.
எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.
'கொந்தளிப்பு' என்ற சொல்லுக்குள்
மூன்று முறை மூழ்கி எழுந்தவள்.
அவள் தாளில் வட்டங்கள் மட்டும் இருந்தன.

'ஏன் எழுதலை?'
'எந்த மாசம்னு போடலையே டீச்சர்.'

'எந்த மாசமா?'

'கச்சான் அடிச்சா தென்கடல் பொங்கும்,
வடக்க கெடக்கும் குளம் மாதிரி.
வாடை வந்துட்டா அப்படியே மாறிரும்.
போன கார்த்திகைல வடகடல்லதான்
எங்க மாமா வள்ளம் கவுந்துச்சு.
இதுல அமைதின்னு இருக்கு.
எழுதுனவுக ஆனியில வந்துட்டுப் போயிருப்பாக.'

வகுப்பு சிரித்தது. அப்புறம்
தன் தாளைக் குனிந்து பார்த்தது.
பிரிட்டோ எழுந்தான். 'அவ சொல்றதுதான் சரி டீச்சர்.'
'அப்ப ஏன்டா அமைதின்னு எழுதின?'
'பத்தியைப் பாத்துத்தானே நிரப்பச் சொன்னீக?'

சாக்பீஸ் என் கையில் வியர்த்தது.

'சரி. பத்தியில எங்கயாவது மாசம் இருக்கா, தேடுங்க.'
முப்பத்தொரு புத்தகமும்
நான் சொல்லாமலே இரண்டாம் முறை புரண்டன.
வலைக்கண்ணில் நண்டு தேடும் விரல்கள்.
'சில நேரம்' இல்லை. 'பெரும்பாலும்' இல்லை.
'எப்போதும்' என்றுகூட இல்லை.
இருப்பதைக் கண்டுபிடித்துப் பழகியவர்கள்
இல்லாததைக் கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள்.
வட்டங்களுக்கு வெளியே ஒரு கட்டம் வரைந்து
'பத்தி சொல்லாதது' என்று தலைப்பிட்டேன்.
அந்தக் கட்டம் போதவில்லை. கரும்பலகையும் போதவில்லை.

மறுநாள் அவள் கேட்டது ஒரு குண்டூசி.
பழைய காலண்டர் அட்டையில் ஒரு சக்கரம் வெட்டி,
பன்னிரண்டு மாசமும் சுற்றி எழுதி,
வட்டங்கள் வரைந்த தாளின் நடுவே குத்தியிருந்தாள்.
திருப்பத் திருப்ப அமைதி இடம் மாறியது.
'மாசு' என்று ஒரு மாசம் இருந்தது, மாசிக்கு.
நான் திருத்தவில்லை, அன்றைக்கு.

'நடுவுல என்ன எழுதின?'
'பங்குனி. அப்ப ரெண்டும் தூங்கும்.'

மீன், உப்பு, பாலம் என்ற முப்பது நடுவிடங்களுக்கும்
சரி போட்டிருந்தேன் நான்.

காலாண்டுத் தேர்வில் அதே பத்தி வந்தது.
பாக் நீரிணை எத்தன்மையது?
விடைக்குறிப்பு: அமைதியானது. ஒரு மதிப்பெண்.
இரவு, மின்சாரம் போய் வந்த இடைவெளியில்
அவள் தாளை எடுத்தேன்.
எழுத்துகள் இன்னும் கோணல்தான்.
அமைதியானது என்று பேனாவில்.
அதன் கீழே, பென்சிலில், சின்னதாய்:
புரட்டாசி வரைக்கும்.