நாற்பத்தொன்று

பட்டியலை ஒட்டச் சொல்லி
மூன்று தரம் கமநல நிலையத்துக்கு நடந்தவள் நான்.
வவுனிக்குளம் வான் பாய்ந்து
குடலைப் பருவத்து நெல் படுத்த மார்கழியிலிருந்து
ஒரே கேள்வி:
ஆருக்கு, எத்தனை ஏக்கர், எவ்வளவு காசு.

இன்றைக்கு ஒட்டியிருக்கிறார்கள்.
பசை காயவில்லை. எறும்பு ஊர்கிறது.

பின்னால் நிற்கிற சனம்
"உரத்து வாசி பிள்ளை" என்கிறது.
ஏழாவது: தம்பு சிற்றம்பலம், ஐந்து ஏக்கர்.
"அந்தாள் கனடாவிலெல்லோ!"
பத்தொன்பதாவது வயல்
வீரைமரக் காட்டுக்குள்ளாம்;
அங்கே விதைத்தால் யானைதான் விதைத்திருக்கவேண்டும்.
சிரிக்கிறார்கள். நானும்.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
கண் முந்தி ஓடிவிட்டது:
நாற்பத்தொன்று, யோகராசா கலைமதி, மூன்று ஏக்கர்.

நான் விதைத்தது ஒன்றரை.
படிவத்தில் மூன்றென்று எழுதியது நானில்லை.
வங்கியில் விழுந்த காசை
இரண்டு தரம் எண்ணி
பிழையென்று தெரிந்து
உரக்கடைக் கடனுக்குக் கட்டினது
நான்தான்.

நாற்பதையும் வாசித்தாயிற்று.
வெயில் பிடரியில் ஏறுகிறது.
ஆரோ சைக்கிளை ஸ்ராண்டில் விடுகிற சத்தம்.

"அடுத்தது ஆர், பிள்ளை?"

தொண்டைக்குள்
ஒரு சப்பி நெல்.