ஆகாத தந்திகள்

இ, எஃப், ஏ, பி, சி.
அவ்வளவுதான். திரும்பவும் இ.
டியும் ஜியும் இந்த வீட்டுப் பத்திரத்தில் இல்லை.
ஆனால் கிட்டாரின் நட்டநடுவில்
அவை இரண்டும் திறந்த தந்திகளாய் நிற்கின்றன,
கை தவறிப் பட்டால் போதும்,
கேட்காமலே பேசும்.

ச ரி ம ப த என்று
ஸ்கேன் ரிப்போர்ட் உறையின் பின்னால் எழுதி
சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
ரி சின்னது, த சின்னது,
கவும் நியும் கிடையாது.
ரியிலிருந்து மவுக்கு நடக்க முடியாது,
தாவத்தான் வேண்டும்.
முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டிவிரலை ஊன்றிவிட்டு
ஐந்தாவதற்குச் சுண்டுவிரலை அனுப்புவதற்குள்
மணிக்கட்டு கெஞ்சுகிறது.

பகலெல்லாம் அடுத்தவர் கைகளைப் படம் எடுப்பவள் நான்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே இரண்டாம் அறை.
விரலை விரிங்க, இன்னும் கொஞ்சம்,
அசையாதீங்க.
கதிரறுக்கும் மிஷினில் மாட்டியவர்,
பஸ் கதவில் நசுங்கிய கல்லூரிப் பையன்,
மோதிரம் கழற்ற முடியாமல் அழுத மணப்பெண்.
சுண்டுவிரலின் மூன்று எலும்பும் எனக்கு மனப்பாடம்,
அவற்றுக்கு நடுவே விழும் கறுப்பு இடைவெளிகளும்.
என் சுண்டுவிரல் மட்டும்
நான்காம் ஃப்ரெட்டில் இளைப்பாறுகிறது.
அங்கே இருப்பது ஜி ஷார்ப்.
அது எந்த ஊர்க்காரனோ.

ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் டைட்டஸ் சொன்னான்:
மூணு கார்டு போதும் சிஸ்டர், நூறு பாட்டு வரும்.
உண்மைதான்.
என் ஐந்து சுரத்துக்குள் எத்தனை கார்டு உட்காரும் என்று
நைட் டூட்டியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஏ மைனர் ஒன்று, எஃப் ஒன்று.
மற்றதற்கெல்லாம் நாற்காலி இல்லை.
அந்த எஃப்தான் எனக்கு இன்னும் வராதது.

குலவணிகர்புரம் கேட் விழுந்தால்
எங்கள் தெருவுக்கு ஏழு நிமிஷம் ஓய்வு.
ஆட்டோக்கள் எஞ்சினை அணைக்கும்,
முறுக்குக்காரர் கண்ணாடிப் பெட்டியை இறக்குவார்,
நான் கிட்டாரை எடுப்பேன்.
கேட் மணிதான் தாளம்.
ஒரு மணிக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு,
மூன்றென்றால் தடுக்கி விழுந்தேன்.
நாகர்கோவில் வண்டி ஊதிக்கொண்டு போகும்;
அந்த ஊதல் எந்தச் சுரத்திலும் சேராது,
போகட்டும் என்று நிறுத்திக்கொள்வேன்.

கீழ்வீட்டுப் பால்தங்கம் அக்கா
துணி காயப்போட வந்தவள் கேட்டாள்:
"ஏட்டி, பேய்ப் படத்துல கதவு தொறக்கையில போடுவாவல்லா,
அதையா பழகுத?"
ராகம்க்கா, என்றேன்.
"சந்தோசமா ஒண்ணும் வராதா அதுல?"

தெரியவில்லை. இன்னும் தேடிப் பார்க்கவில்லை.
சியிலிருந்து பிக்கு இறங்கும்போது
இருட்டில் ஒரு படி குட்டையாக வந்ததுபோல்
கால் திடுக்கிடுகிறது.
அதற்காகத்தான் தினமும் இறங்குகிறேன்.

ஆடி பிறந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் காற்று.
மேற்கே எங்கோ பெய்த சாரலின் ஈரத்தில்
கடைசித் தந்தி தினமும் கொஞ்சம் தளர்ந்தது,
தினமும் கொஞ்சம் முறுக்கினேன்.
நேற்று ராத்திரி கரண்ட் இல்லை,
கேட் விழுந்திருந்தது.
பி, சி, தாவி இ, எஃப் —
கட்டைவிரல் வழுக்கி ஜியில் பட்டது.

மூன்று மாதமாய் ஆயிரம் தடவை பட்டிருக்கும்.
நான் கவனித்ததில்லை,
எல்லாமே கிட்டார் சத்தம்தானே.
நேற்றுப் பல் கூசியது,
சோற்றில் மண் அகப்பட்டதுபோல.
அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு வேண்டுமென்றே இன்னொரு தரம் தட்டினேன்.
கூசியது.
விரலுக்கு முன்னால் காது வந்து சேர்ந்துவிட்டது,
சொல்லிக்கொள்ளாமல்.

கேட் தூக்கினார்கள்.
ஆட்டோக்கள் உறுமத் தொடங்கும் முன்னே
கீழே இருட்டிலிருந்து அக்காவின் குரல்:
"ஏட்டி, இப்பம் நடுவுல ஒண்ணு
தப்பாத் தட்டினியோ?"