ஐந்து மதிப்பெண் வினா

ஜி.டி.பி. நகரில் ஏறினேன். பெண்கள் பெட்டி.
குர்லாவில் ஒருத்தி எழுந்தாள்.
அவள் சூடு ஆறாத இருக்கையில்
நாற்பத்தொரு விடைத்தாளோடு உட்கார்ந்தேன்.
ஏழாம் வகுப்பு. புவியியல். உலக மக்கள் வாழ்க்கை.
சிவப்புப் பேனா கசிகிறது,
மார்ச் வெயிலில் அதற்கும் வியர்க்கிறது போல.

விடைக்குறிப்பைத் தலைமையாசிரியர்
தம் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார்:
பாலைவனம் – ஒட்டகம், கூடாரம், பேரீச்சை, நீண்ட அங்கி.
துருவம் – பனிவீடு, சறுக்குவண்டி, மீன், தோலாடை.
சொல்லுக்கு ஒன்று. படம் வரைந்தால் இன்னொன்று.

ஜெபசிங் பனிவீடு கட்டவில்லை.
'துருவத்தில் இருப்பவர்கள் கையுறை போட மாட்டார்கள்.
கை விறைத்துவிட்டால் வலி தெரியாது.
விரல் திரும்ப வரும்போதுதான் வலிக்கும்.
சாயங்காலம் மீன் கிடைக்கும்.'
அவன் அப்பாவுக்கு சசூன் டாக்கில்
ஐஸ் உடைக்கிற வேலை.
மீன் என்ற சொல் இருக்கிறது. ஒன்று.

மும்பையில் இரவு எட்டு மணி என்றால்
துபாயில் மணி என்ன?
ரஹ்மத் நிஷா: 'ஆறரை.
அத்தா இன்னும் சைட்டில் இருப்பார். போன் எடுக்க மாட்டார்.'
ஆறரைக்கு முழு மதிப்பெண்.
மிச்சத்துக்கு எங்கே போடுவது?
திலக் நகரில் ஏறிய கிளிப் விற்கிறவள்
என் தாள்களுக்கு மேல் அட்டையை நீட்டுகிறாள்,
பத்து ரூபாய், பத்து ரூபாய்.

செம்பூர்.
இத்தாலியைக் குறி என்றால்
பேச்சிமுத்து
மும்பை மேலேயே புள்ளி வைத்து
அம்பு போட்டு எழுதியிருக்கிறான்:
'தொண்ணூறடி ரோடு. பைக்கு அடிக்கிற இத்தாலி அச்சு
எங்க வீட்டு மாடியிலதான் இருக்கு டீச்சர்.'
பூஜ்யம் போட்டேன். சிரிப்பை அடக்கியதில்
பூஜ்யம் கோணி, நீண்டு,
ஒரு பூட்ஸ் மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பாடத்தை நடத்தியவள் நான்தான்.
சகாரா என்று சொல்லிக் கையை அகல விரித்தவள்
மணல் பார்த்தது ஜுஹுவில்,
பனி பார்த்தது பிரிட்ஜுக்குள்.
ஆனாலும் 'அவர்கள்' என்று சொல்லும்போது
குரலுக்கு ஓர் உயரம் வந்துவிடுகிறது,
யாரோ நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி.

அன்றைக்கு மசாய் மக்கள்.
சிவப்புத் துணி, கழுத்து நிறையப் பாசிமணி,
எதிரே கேமரா இருப்பது தெரிந்த கண்கள்.
பக்கம் எழுபத்திரண்டு.
கடைசி பெஞ்சிலிருந்து இசக்கியம்மாள் எழுந்தாள்,
வருஷம் முழுக்க வாய் திறக்காதவள்.
'டீச்சர், போன வாரம் வெள்ளைக்காரங்க கும்பலா வந்து
எங்க சந்துல போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.
நான் பல்லு தேச்சிட்டு இருந்தேன்.
அது எந்தப் பக்கத்துல வரும்?'

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.
மணி அடித்தது.

மான்குர்ட் தாண்டிக் கழிமுகப் பாலம்.
தூரத்துச் சேற்றில் பூநாரைகள்.
கச்சிலிருந்து வருபவை என்பார்கள்.
பெட்டியில் யாரும் தலை தூக்கவில்லை.

கடைசித் தாள் அவளுடையது.
பாலைவன மக்களின் வாழ்க்கை முறையை விவரி.
'பாலைவனத்தில் தண்ணீர் விடிகாலை நாலு மணிக்கு வரும்.
சில நாள் வராது.
குடத்தில் பெயின்ட்டால் பெயர் எழுத வேண்டும்.
வரிசையில் தூங்கலாம்.
குடத்தைப் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும்.
விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர்தான் கொடுப்பார்கள்.
பானையில் எவ்வளவு இருக்கிறது என்று
விருந்தாளிக்குக் காட்ட மாட்டார்கள்.'

ஒட்டகம் இல்லை. கூடாரம் இல்லை.
குறிப்பில் உள்ள ஒரு சொல்கூட இல்லை.
திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

வாஷியில் இறங்க வேண்டியவள்
சான்பாடா நடைமேடையில் நிற்கிறேன்,
எதிர் வண்டிக்காக.
நாலரை போட்டிருக்கிறேன்.
அரை குறைத்தது ஒட்டகத்துக்காக.
தலைமையாசிரியர் கேட்டால்
காட்ட ஏதாவது வேண்டுமே.