பன்னிரண்டு அடி

கப்பலில் பண்டாரியாகப் போன அபூசாலி
சான் பெட்ரோ துறைமுகத்தில் இறங்கினார், திரும்ப ஏறவில்லை.
நாகூருக்கு அது தெரியவந்தது ஆறு வருஷம் கழித்து,
சௌந்தரம் டாக்கீஸில், நான் ஓட்டிய படத்தில்,
மூன்றாம் ரீலில்.

பாலைவனம். ஒட்டகம்.
வெள்ளைக்காரக் கதாநாயகன் கழுத்தில் கத்தி வைத்த கொள்ளைக்காரன்
கண்ணை உருட்டி உறுமினான்:
"வெட்டாத்துல தண்ணி வந்துருச்சா?
அரிசி மண்டி பாக்கிய யாரு கட்டுனா?"

கொட்டகை ஒரு நொடி மூச்சு விடவில்லை.
அப்புறம் தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து நின்று
வந்துருச்சு, வந்துருச்சு என்று கத்தியது.
பாக்கியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
படத்தில் பக்கத்தில் நின்றவன் அதை இங்கிலீஷில் பெயர்த்தான்.
விடிந்ததும் உன் தலை உருளும் என்கிறாராம்,
போஸ்ட் மாஸ்டர் சொன்னார்.

எதையாவது கத்து, எவனுக்கும் புரியாது என்று
டைரக்டர் சொல்லியிருப்பார்.
எல்லாப் படமும் தேய்ந்து கிழிந்து
கடைசியில் எங்கள் கொட்டகைக்குத்தான் வரும் என்பது
இங்கே மணலில் உட்கார்ந்து வளர்ந்தவருக்குத் தெரியாதா.

பிறகு நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.
மலாய்க் கடற்கொள்ளையன், தூக்குக் கயிற்றின் கீழே:
"புள்ளைக்கு என்ன பேரு வச்சீங்க?"
பிள்ளை அப்போது நாலாம் வகுப்பு.
முன்வரிசையிலிருந்து பதுருதீன் என்று திரைக்குச் சொன்னான்,
ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து சொன்னான்.
சுல்தானின் காவலாள்:
"முட்டி வலிக்குது. இங்க குளிரு."
பாம்பாட்டி: பேசவில்லை, ஊதினார்.
நரபலிப் பூசாரி, இரண்டு கையும் மேலே தூக்கி:
"அடுத்த வருஷம் வந்துருவேன்."
அந்த அடுத்த வருஷம் போய்
மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எல்லாவற்றிலும் செத்தார்.
குண்டில், ஈட்டியில், முதலை வாயில்,
ஒருதரம் கதாநாயகி தெரியாமல் தள்ளிய சிலைக்கு அடியில்.
பெயர்ப் பட்டியலில் ஒரே முறை வந்தார், ஏப் சாலி என்று,
குதிரைக்காரருக்குக் கீழே.
ஹலீமா நாச்சியார் பெண்கள் பெஞ்சில் தடுப்பை ஒட்டி உட்காருவார்.
பேச்சு முடிந்ததும் போய்விடுவார்.
சாவை அவர் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை.

கடைசியாக வந்தது கலர்ப் படம்.
தாடி நரைத்திருந்தது, சாயமா நிஜமா தெரியவில்லை.
வாய் அசைந்தது. வந்த குரல் வேறு யாருடையதோ,
எந்த ஊர்ப் பேச்சிலும் சேராத கடகடா.
குரலுக்கென்று தனி ஆள் போட்டுவிட்டார்கள் போல.
டேய், டேய் என்று தரை டிக்கெட் கூவியது.
பீடித் துண்டுகள் திரையில் பட்டு விழுந்தன.

மறுநாள் கடைசி ஆட்டம்.
அந்த இடம் வந்ததும் சத்தத்தை அடைத்தேன்.
எட்டு விநாடி.
நானூறு பேர் ஒரு வாயைப் பார்த்தோம்.
கார்பன் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.
உதடு முதலில் ஒட்டிப் பிரிந்தது. பகரமோ, மகரமோ.
பாக்கியாக இருக்கலாம். பதுருதீனாக இருக்கலாம்.
மன்னிப்பு என்றும் தொடங்கலாம்.

படம் விட்டதும் ஏணிக்குக் கீழே வந்து நின்றார் ஹலீமா நாச்சியார்.
"கண்ணாடி எடுக்காம வந்துட்டேன் பக்கிரிசாமி.
நாளைக்கும் ஓடும்ல?"

ஓடும் என்றேன்.
பெட்டி ராத்திரி வண்டியில் மாயவரம் போகவேண்டும்,
ஆள் சைக்கிளோடு வாசலில் நின்றான்.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
பன்னிரண்டு அடி.
வெட்டிய இடத்தில் பசை தடவி ஒட்டி
காயும்வரை ஊதினேன்.

மாயவரத்துக்காரர்கள் பார்த்தது
ஒரு வார்த்தை பேசாமல் செத்த ஒருவனை.